ஈரம் கோணியில் இருக்கட்டும்

பட்டாபிராம் ஸ்டேஷனில் விடியற்காலை ரயிலுக்கு நிற்கிற கூட்டத்தில் கூடைக்காரர்கள் நிறைய இருப்பார்கள். 1980களின் கடைசியில், பள்ளி விடுமுறை நாட்களில், அம்மாவோடு அந்தப் பிளாட்பாரத்தில் நானும் நின்றிருக்கிறேன். திருநின்றவூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் இருட்டோடு பறித்த கீரைக்கட்டுகள் அம்மாவின் கூடையில் இருக்கும். முளைக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை, நடுவில் நாலைந்து கட்டு பொன்னாங்கண்ணி. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கோணி. அந்தக் கோணியைத் தண்ணீரில் முக்கியெடுத்து, ஆளுக்கொரு முனையாகப் பிடித்து முறுக்கிப் பிழிந்துதான் போர்த்துவோம். சொட்டு நிற்கிறவரை அம்மா விடமாட்டாள்.

பெரம்பூரில் இறங்கித் தெருத்தெருவாகப் போவோம். பத்து மணிக்கு வெயில் ஏறிவிடும். மற்றவர்கள் சொம்பில் தண்ணீர் எடுத்துக் கட்டுகளின் மேல் தெளிப்பார்கள். கீரை பளபளவென்று மின்னும். வாங்க வருகிறவர்களின் கை அந்தக் கூடைக்குத்தான் முதலில் போகும். ஒருநாள் நானும் சொம்பை எடுத்தேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கோணிக்குத் தெளிடா, கீரைக்கு வேணாம். ஈரம் கோணியில இருந்தா அதுக்குப் போதும். மேல ஊத்தினா மத்தியானத்துக்குள்ள உள்ள கறுத்துடும்."

அன்று மத்தியானமே அதைக் கண்ணால் பார்த்தேன். பக்கத்துக் கூடையில் மிஞ்சிய கட்டுகளைப் பிரித்தபோது வெளி இலைகள் நன்றாக இருந்தன. நடுவில் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக் குழைந்து, தொட்டால் விரலில் வழவழத்தது. அம்மாவின் கூடையில் மிஞ்சியவை சற்று வாடியிருந்தன, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் வேர்ப்பக்கத்தை மட்டும் ஒரு அலுமினியச் சட்டித் தண்ணீரில் நிறுத்திவைப்பாள். விளக்கு வைக்கிற நேரத்துக்குள் தலை நிமிர்ந்துவிடும்.

அம்மா சொன்னது சரி என்று அன்றே தெரிந்துவிட்டது. ஏன் சரி என்று தெரிய எனக்குப் பத்து வருஷம் ஆயிற்று.

*

1997இல் கேட்டரிங் டிப்ளமோ முடித்து, சென்னையில் ஒரு நட்சத்திர ஓட்டலில் கமியாகச் சேர்ந்தேன். சமையலறை ஏணியில் கடைசிப் படி அது. என்னை அனுப்பிய இடம் கோல்டு கிச்சன். சாலட், சாண்ட்விச், பழத்தட்டு என்று அடுப்பு தேவைப்படாத வேலையெல்லாம் அங்கேதான் நடக்கும். கதவைத் திறந்து உள்ளே போனால் பெரம்பூர் வெயில் வேறு ஏதோ தேசத்து விஷயம்போல் ஆகிவிடும்.

லெட்யூஸை முதன்முதலில் அங்கேதான் தொட்டேன். நீலகிரியில் கோத்தகிரி, கேத்திப் பக்கம் விளைந்து, மலையிறங்கி, மேட்டுப்பாளையம் வழியாக ராத்திரியோடு ராத்திரியாக வந்துசேரும். அட்டைப்பெட்டியைத் திறந்தால் செய்தித்தாள் சுற்றிய உருண்டைகள். கோஸ் மாதிரி இறுக்கமாக இருப்பது ஐஸ்பெர்க். நீளமாக, நடுத்தண்டு தடித்து இருப்பது ரோமெய்ன். சிவப்பு விளிம்போடு சுருள்சுருளாக இருப்பது லோலோ ரோஸோ. கடுகு போலக் காரமாக நாக்கில் ஏறுவது ராக்கெட். லெட்யூஸின் அடித்தண்டை வெட்டினால் வெள்ளையாகப் பால் கசியும். கள்ளிப்பால் மாதிரி கை பிசுபிசுக்கும். வெட்டிய இடத்தில் பால் வெண்மையாகவே இருந்தால் அறுவடை புதிது. செங்கல் நிறத்துக்கு மாறிக் காய்ந்திருந்தால் நாளாகிவிட்டது. லெட்யூஸ் வாங்கும்போது இன்றைக்கும் நான் முதலில் திருப்பிப் பார்ப்பது அந்த அடியைத்தான்.

சேர்ந்த இரண்டாவது மாதம். மறுநாள் மத்தியானம் ஒரு பெரிய கல்யாண ரிசப்ஷன். ஆறு பெட்டி லெட்யூஸைக் கழுவிவைக்கும் வேலை என்னுடையது. ஒவ்வொரு இலையையும் மூன்று தண்ணீரில் அலசினேன். மண் ஒரு துளி இல்லை. மணி ஒன்றரை ஆகிவிட்டது. தண்ணீர் வடிய வடிய அள்ளிப் பெரிய பிளாஸ்டிக் டப்புகளில் அடைத்து, மூடியை அழுத்திப் போட்டு, வாக்-இன் ஃபிரிட்ஜுக்குள் அடுக்கிவிட்டுப் போய்த் தூங்கினேன்.

மறுநாள் மூடியைத் திறந்ததும் முதலில் வந்தது வாசனை. அடியில் இரண்டு விரல்கடை உயரத்துக்குத் தண்ணீர் நின்றிருந்தது. அதில் கிடந்த இலைகள் கண்ணாடி மாதிரி ஆகி, ஓரமெல்லாம் பழுப்பேறிக் குழைந்திருந்தன. ஏறக்குறைய பாதி போயிற்று. விருந்துக்கு மூன்று மணி நேரம் இருந்தது.

தலைமை செஃப்புக்கு அடுத்தவரான எங்கள் சூ செஃப் கத்தவில்லை. ஒரு டப்பை மேசைமேல் கவிழ்த்து, நல்ல இலையும் கெட்ட இலையும் எங்கே பிரிகின்றன என்று விரலால் காட்டினார். மேலே இருந்தவை நன்றாக இருந்தன, தண்ணீரில் நின்றவை போயிருந்தன. "இலைக்குக் குளிர்ந்த, ஈரமான காற்று வேணும். தண்ணி அதுமேல நிக்கக் கூடாது. கழுவறது பாதி வேலைதான். காயவைக்கறது மீதி," என்றார்.

எனக்குச் சட்டென்று கோணி ஞாபகம் வந்தது. சொட்டு நிற்கிறவரை முறுக்கிப் பிழிந்த அம்மாவின் கை ஞாபகம் வந்தது. "ஏன் சார்?" என்று கேட்டேன். அந்தக் கேள்விக்கான பதில்தான் இருபத்தைந்து வருஷமாக என்னைச் சோறுபோட்டு வளர்த்த தொழில்.

*

பறித்த கையோடு இலை செத்துவிடுவதில்லை. வேர் போய்விட்டதே தவிர மூச்சு நிற்கவில்லை. காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்து, தன்னிடம் சேர்ந்திருக்கிற சர்க்கரையை எரித்து, கரியமில வாயுவையும் சூட்டையும் வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. புதுச் சர்க்கரை வர வழியில்லை. கையிருப்பைக் கரைத்துத்தான் வாழ்கிறது. வெப்பம் பத்து டிகிரி ஏறினால் அந்த மூச்சின் வேகம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகிவிடும். 35 டிகிரி வெயிலில் ஒரே நாளில் செலவழிப்பதை, 5 டிகிரியில் ஒரு வாரத்துக்கும் மேல் வைத்துச் செலவழிக்கும். இலையை வைத்திருக்கும் வித்தை என்பது அதன் மூச்சை மெதுவாக்கும் வித்தைதான்.

சூடு விஷயமும் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. ரயிலில் போகும்போது நடுநடுவே கூடைக்குள் முழங்கைவரை விட்டுப் பார்ப்பாள். "உள்ள சூடு ஏறிப்போச்சு" என்று சொல்லி, கட்டுகளை எடுத்து மேலும் கீழுமாக மாற்றி அடுக்குவாள். நெருக்கி அடைத்த கீரை தன் மூச்சுச் சூட்டிலேயே வேகத் தொடங்கும். லெட்யூஸ் வரும் பெட்டிகளில் ஓட்டை போட்டிருப்பதற்கும் இதுவே காரணம்.

அடுத்தது தண்ணீர்க் கணக்கு. லெட்யூஸின் எடையில் 100க்கு 95 பங்கு தண்ணீர். இலையின் ஒவ்வொரு அணுவறையும் (செல்) காற்றடித்த சைக்கிள் ட்யூப் மாதிரி, உள்ளே தண்ணீர் நிறைந்து சுவரை அழுத்திக்கொண்டு விறைப்பாக நிற்கும். கடித்தால் 'மொறுக்' என்று வரும் சத்தம் அந்த விறைப்பு உடையும் சத்தம். எடையில் மூன்று முதல் ஐந்து சதவீதத் தண்ணீர் போனாலே இலை துவண்டுவிடும். ஒரு கிலோவுக்கு 30 முதல் 50 கிராம். ஒரு காபி டம்ளரில் பாதிகூட இல்லை. அவ்வளவு போதும், விலைபோகாத சரக்காகிவிடும்.

சுற்றியுள்ள காற்று வறண்டிருந்தால் இலையிலிருந்து தண்ணீரை உறிஞ்சும். காற்று ஈரமாக இருந்தால் உறிஞ்சாது. அதனால்தான் லெட்யூஸ் கிடங்குகளில் வெப்பத்தைப் பூஜ்யம் டிகிரியை ஒட்டியும், காற்றின் ஈரப்பதத்தை 95 சதவீதத்துக்கு மேலும் வைத்திருப்பார்கள். அப்படி வைத்தால் ஐஸ்பெர்க் இரண்டு, மூன்று வாரம் தாங்கும்.

அந்த ஈரம் துளியாகி இலைமேல் நின்றால் கதை மாறிவிடும். தண்ணீர்ப் படலம் இலையின் மூச்சுத் துளைகளை அடைக்கும். கிழிந்த ஓரங்களிலிருந்து கசியும் சத்து அந்தத் தண்ணீரில் கலக்கும். அழுகல் பாக்டீரியாக்களுக்கு அது விருந்து. அணுவறைகளை ஒட்டிவைத்திருக்கும் பசையை அவை கரைத்துவிடுகின்றன. நான் டப்பின் அடியில் பார்த்த குழைவும், பக்கத்துக் கூடையில் தொட்ட வழவழப்பும் ஒன்றுதான்.

கோணியின் வேலை இப்போது விளங்கும். அது தன் ஈரத்தைக் காற்றுக்குக் கொடுத்து, கீரையின் தண்ணீரைக் காப்பாற்றியது. ஆவியாகும்போது கூடையைக் கொஞ்சம் குளிரவும் வைத்தது. தொட்டுப் பார்த்தால் கோணி ஈரம், கீரை உலர்ந்தது. சூ செஃப் சொன்னதும் அம்மா செய்ததும் ஒரே பாடம்.

*

இனி வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஓட்டல் வேலையை விட்ட பிறகு சில வருஷங்களாக வீட்டிலேயே சமையல் வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "ஆசையா லெட்யூஸ் வாங்கறேன் சார், மூணாம் நாள் தூக்கிப் போடறேன். என்ன தப்பு பண்றேன்?" அவர்களுக்குச் செய்துகாட்டுவதை அப்படியே எழுதுகிறேன்.

வாங்கும்போதே பாதி முடிந்துவிடுகிறது. அடித்தண்டைப் பாருங்கள். கையில் தூக்கினால் உருவத்துக்கு மேல் கனம் தெரிய வேண்டும். பாக்கெட்டில் அடைத்தது என்றால் உள்ளே துளித்துளியாக வேர்த்திருக்கிறதா என்று பார்த்து, வேர்த்திருந்தால் விட்டுவிடுங்கள். கடையில் மற்ற சாமான்களை முடித்துக் கடைசியாக எடுங்கள். வெயிலில் நிற்கும் வண்டியில் அரை மணி நேரம் கிடந்தால், அதன் ஆயுளில் ஒரு நாளையாவது இழந்தீர்கள்.

ஐஸ்பெர்க், ரோமெய்ன் போல முழுத்தலையாக இருப்பதை வந்ததும் கழுவ வேண்டாம். வாடிய வெளி இலைகளை மட்டும் உரித்துவிட்டு, ஈரத்தை நன்றாகப் பிழிந்த பருத்தித்துணியில் சுற்றி, இறுக்கிக் கட்டாத பையில் போட்டு வையுங்கள். தலை முழுசாக இருக்கும்வரை காயம் அடியில் மட்டும்தான். வீட்டு ஃபிரிட்ஜில் ஒரு வாரம், பத்து நாள் தாராளமாக நிற்கும்.

உதிரி இலை, ராக்கெட், பாலக் என்றால் உடனே பிரித்துக் கொட்டிவிடுங்கள். பழுத்தது, நசுங்கியது, கறுத்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். அழுகின ஒரு இலை பாக்கியைக் கெடுப்பதற்கு ஒரு ராத்திரி போதும். பிறகு அகலப் பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, இலையைப் போட்டு, கையால் மெதுவாக அலையவிட்டு, இரண்டு நிமிஷம் சும்மா விடுங்கள். மண் அடியில் போய்ப் படியும். இலையை மேலாக அள்ளி எடுங்கள். பாத்திரத்தைச் சாய்த்து வடிகட்டினால் படிந்த மண் மறுபடி இலைமேலேயே கொட்டும். அடியில் மண் தெரியாமல் போகும்வரை தண்ணீரை மாற்றுங்கள். ஓட்டலில் 50 பிபிஎம் அளவு குளோரின் கலந்த தண்ணீரில் ஐந்து நிமிஷம் வைத்து, மறுபடி நல்ல தண்ணீரில் அலசுவோம். வீட்டில் உப்புத் தண்ணீரில் நெடுநேரம் ஊறவைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. பச்சையாகச் சாப்பிடும் மெல்லிய இலைக்கு அது ஆகாது. உப்பு இலையின் தண்ணீரை வெளியே இழுத்துத் துவளவைத்துவிடும்.

அடுத்தது மீதிப் பாதி வேலை, காயவைப்பது. ஓட்டலில் கைப்பிடியைச் சுற்றினால் உள்கூடை சுழன்று தண்ணீரை உதறும் பெரிய ஸ்பின்னர் இருந்தது. ஒரு முறை சுற்றி, நிறுத்தி, இலையைக் குலுக்கிப் புரட்டி, அடியில் சேர்ந்த தண்ணீரைக் கொட்டி, மறுபடி சுற்றுவோம். வீட்டுக்கு அது கட்டாயமில்லை. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டித்துணி போதும். இலையை நடுவில் போட்டு நான்கு முனையையும் சேர்த்துப் பிடித்து, மொட்டைமாடியிலோ பால்கனியிலோ நின்று பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுழற்றுங்கள். முதல் நாலு சுற்றில் மழை மாதிரி தெறிக்கும். பிறகு துணியிலேயே பரப்பி, மின்விசிறியை நேராகப் படவிடாமல் பத்து நிமிஷம் விடுங்கள். புறங்கையால் இலையைத் தடவினால் குளிர்ச்சி தெரிய வேண்டும், ஈரம் ஒட்டக் கூடாது. அதுதான் பதம்.

அகலமான டப்பாவின் அடியில் ஒரு உலர்ந்த துணியோ காகித டிஷ்யூவோ விரியுங்கள். இலையைத் தளர்வாகப் போடுங்கள், முக்கால் பாகத்துக்கு மேல் வேண்டாம். மேலே இன்னொரு துணி, அதன்மேல் மூடி. ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து மூடுகிறபோதெல்லாம் டப்பாவுக்குள் வேர்க்கும். அந்த வேர்வையைக் குடிப்பது துணியின் வேலை. உள்ளே காற்று வறளாமல் பார்த்துக்கொள்வதும் அதே துணிதான். ரெண்டு நாளைக்கு ஒருமுறை தொட்டுப் பாருங்கள். நனைந்திருந்தால் மாற்றுங்கள். இப்படி வைத்தால் உதிரி லெட்யூஸ் ஐந்தாறு நாள், ராக்கெட் மூன்று நான்கு நாள் நிற்கும்.

டப்பாவை வைக்கும் இடமும் முக்கியம். இதையும் நான் பட்டுத்தான் கற்றேன். நாலு பெட்டி ரோமெய்னை வாக்-இன்னில் குளிர்காற்று வரும் விசிறிக்கு நேர் கீழே அடுக்கிவைத்தேன், கூடுதல் குளிர் கூடுதல் நல்லது என்று நினைத்து. விடிந்து பார்த்தால் மேல்வரிசை முழுதும் விறைத்து, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிந்தது. வெளியே எடுத்த கால்மணி நேரத்தில் ஈரத்துணி போலத் தொங்கிவிட்டது. பூஜ்யத்துக்கு ஒரு இம்மி கீழே போனாலே லெட்யூஸ் உறைந்துவிடும். உள்ளே பனிப்படிகம் அணுவறைகளைக் கிழித்துவிட்டால் எந்த வித்தையும் அதை மீட்காது. வீட்டு ஃபிரிட்ஜில் பின்சுவரை ஒட்டிய இடமும், ஃப்ரீசர் மேலே இருந்தால் அதற்கு நேர் கீழ்த்தட்டும் இந்த ஆபத்து உள்ளவை. கீழே உள்ள காய்கறி டிரேயில் வையுங்கள். அதில் நகர்த்தும் மூடி இருந்தால், இலைக்கு அதை மூடும் பக்கம் தள்ளுங்கள், ஈரக்காற்று உள்ளேயே தங்கும்.

அதே டிரேயில் மாம்பழம், ஆப்பிள், தக்காளி, வாழைப்பழம் வேண்டாம். பழங்கள் விடும் எத்திலீன் வாயு இலையைச் சீக்கிரம் மஞ்சளாக்கும். லெட்யூஸின் நடுநரம்பில் துரு மாதிரிப் பழுப்புப் புள்ளிகளை உண்டாக்கும். ஓட்டலில் பழத்துக்குத் தனி அறையே இருந்தது. வீட்டில் தனித் தட்டு போதும்.

நம் இலைகளுக்கும் இதே முறைதான், சின்னச்சின்ன மாற்றத்தோடு. கொத்தமல்லியை வேரை நறுக்கி, மஞ்சள் இலை களைந்து, தண்டு மட்டும் முழுகும்படி டம்ளர் தண்ணீரில் நிறுத்தி, மேலே ஒரு பையைத் தளர்வாகக் கவிழ்த்து ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரத்துக்கு மேல் தலை தொங்காது. தண்ணீரை மட்டும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். புதினாவும் அப்படித்தான். கறிவேப்பிலையை ஈர்க்கோடு, ஈரமில்லாமல், துணி போட்ட டப்பாவில் வையுங்கள். இத்தாலியச் சமையலில் போடும் பேசிலும் நம் திருநீற்றுப்பச்சிலையும் ஒரே இனம். அதற்குக் குளிர் ஆகாது. ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாளே கறுக்கும். பூங்கொத்து போல டம்ளர் தண்ணீரில், அடுக்களை மேடையில், வெயில் படாத இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

*

வாடியதை எழுப்பலாமா என்று கேட்பார்கள். தண்ணீர் இழந்து வாடியதை எழுப்பலாம், அழுகத் தொடங்கியதை எழுப்ப முடியாது.

ஒரு ஐப்பசி மாதம். குன்னூர் மலைப்பாதையில் மண்சரிவு. லாரி பகல் முழுக்க வழியில் நின்றுவிட்டது. காலையில் வரவேண்டிய பெட்டிகள் சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தன. ஏழரைக்குப் பஃபே. பெட்டியைத் திறந்தால் இலைகள் துணி மாதிரி மடிந்தன. ஆனால் மஞ்சள் இல்லை, வழவழப்பு இல்லை, வாசனை சரியாக இருந்தது. நான் அதற்குள் கோல்டு கிச்சனுக்குப் பொறுப்பாளி ஆகியிருந்தேன். சிங்க் இரண்டையும் நிரப்பி ஐஸ் கொட்டச் சொன்னேன். ஒவ்வொரு தலையின் அடித்தண்டையும் கூரான கத்தியால் ஒரு மெல்லிய சீவல் புதிதாகச் சீவி, இலைகளைப் பிரித்து உள்ளே அமிழ்த்தினோம். பக்கத்தில் நின்ற பையன் நம்பாமல் பார்த்துக்கொண்டிருந்தான். பத்து நிமிஷத்தில் நடுநரம்புகள் நிமிர்ந்தன. இருபதாவது நிமிஷம் ஒரு ரோமெய்ன் இலையை எடுத்து அவன் காதருகே முறித்துக் காட்டினேன். 'டக்' என்றது. அணுவறைகள் இழந்த தண்ணீரைத் திரும்பக் குடித்துவிட்டன. குளிர் அவற்றின் மூச்சை அடக்கி, குடித்ததைத் தக்கவைத்தது.

வீட்டிலும் இதே போதும். ஐஸ் போட்ட தண்ணீரில் பதினைந்து, இருபது நிமிஷம். எழுந்ததும் எடுத்து உதறிக் காயவைத்து அன்றே சாப்பிட்டுவிடுங்கள். மணிக்கணக்கில் ஊறவிட்டால் ருசி தண்ணீரோடு போய்விடும்.

நறுக்குவதற்கு நல்ல கூரான கத்தி, இல்லாவிட்டால் கையால் கிள்ளுவது. மழுங்கிய கத்தி வெட்டுவதற்குப் பதில் நசுக்கும். நசுங்கிய ஓரம் சீக்கிரமே பழுப்பேறத் தொடங்கும். கறி, மீன் நறுக்கிய பலகையில் சாலட் இலையை வைக்கவே கூடாது. எங்கள் சமையலறையில் காய்கறிக்குப் பச்சைப் பலகை, பச்சைக் கறிக்குச் சிவப்பு, மீனுக்கு நீலம். சாலட் இலை அடுப்பைப் பார்க்காத உணவு. கை, கத்தி, பலகை எல்லாவற்றின் சுத்தத்தையும் அது நேரடியாக நாக்குக்குக் கொண்டுபோகிறது. நறுக்கிய பிறகு 5 டிகிரிக்குக் கீழேயே இருக்க வேண்டும்.

கடைசிக் கட்டம் டிரெஸ்ஸிங். இங்கே கெடுப்பவர்கள் நிறையப் பேர். விருந்தாளி வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே எண்ணெய், உப்பு, எலுமிச்சை எல்லாம் கலந்து வைத்துவிடுவார்கள். இலையின் மேல் இயற்கையாகவே ஒரு மெழுகுப் பூச்சு இருக்கிறது. எலுமிச்சைச் சாறும் வினிகரும் அதன்மேல் வழுக்கி ஓடும். எண்ணெய் அந்த மெழுகைத் தாண்டி உள்ளே இறங்கி இலையைக் கறுத்துத் துவளவைக்கும். உப்பு இலையின் தண்ணீரை வெளியே இழுக்கும். அதனால் எண்ணெயையும் சாறையும் சேர்த்து நன்றாக அடித்துக் கெட்டியாகக் கலந்து தனியே வையுங்கள். தட்டுகள் மேசைக்கு வந்த பிறகு இலையில் ஊற்றிப் புரட்டுங்கள். இலை நன்றாக உலர்ந்திருந்தால்தான் டிரெஸ்ஸிங்கும் ஒட்டும். ஈர இலையில் ஊற்றினால் கிண்ணத்தின் அடியில் போய்க் குளமாக நிற்கும். சீசர் சாலட்டைச் சாப்பிடுகிறவர் மேசையருகிலேயே நின்று கலந்து கொடுக்கும் வழக்கத்தில் இந்த ஞானம் இருக்கிறது.

*

ஃபிரிட்ஜ் எல்லார் வீட்டிலும் இல்லை. இருக்கிற வீட்டிலும் கரண்ட் போகிறது. அதற்கு என்ன செய்வது என்று கேட்டால் அம்மா செய்ததைத்தான் சொல்வேன். அகலமான மண்சட்டியில் மணல் பரப்பி, மணலை நனைத்து, அதன்மேல் சிறிய சட்டியில் கீரையை வைத்து, பிழிந்த கோணியால் மூடி, காற்றோட்டமுள்ள நிழலில் வைப்பாள். தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துப் போகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வது எதனாலோ அதனால்தான் இதுவும் குளிரும். திருச்சி, மதுரை போன்ற ஊர்களின் வறண்ட காற்றில் இது நன்றாக வேலை செய்யும். சென்னையில் கடல்காற்றே ஈரமாக இருப்பதால் ஆவியாவது குறைவு, குளிர்ச்சியும் குறைவு. அப்படியிருந்தும் சாயங்காலக் கீரையைக் காலைக் குழம்புவரை கொண்டுவந்து சேர்க்கும்.

வாங்கிய கீரையைத் தூக்கி எறிகிறவர்களைக் கண்டால் எனக்கு மனசு கேட்பதில்லை. விலைக்காகச் சொல்லவில்லை. ஒரு கட்டுக் கீரைக்குப் பின்னால் இருட்டில் குனிந்து பறித்த முதுகு ஒன்று இருக்கிறது, ரயிலில் கூடைக்குள் கைவிட்டுச் சூடு பார்த்த கை ஒன்று இருக்கிறது. அவர்கள் உயிரோடு கொண்டுவந்து சேர்த்ததை நம் வீட்டில் மூன்றே நாளில் சாகவிடுவது, ஒரு துணியை மாற்றாத அசட்டையால் மட்டுமே நடக்கிறது. இதை வகுப்பில் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.

அம்மாவுக்கு இப்போது எண்பதை நெருங்குகிறது. கூடை தூக்குவதை விட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. என்னோடுதான் இருக்கிறாள். லெட்யூஸ் அவளுக்குப் பிடிக்காது, "ருசியே இல்லாத கீரை" என்பாள். போன மாதம் வகுப்புக்காகக் காய்கறி டிரேயில் ரெண்டு டப்பா வைத்திருந்தேன். மத்தியானம் தண்ணீர் பாட்டில் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தவள், டிரேயை இழுத்து, ஒரு டப்பாவின் மூடியைக் கழற்றிக் கைவிட்டுப் பார்த்தாள். கூடைக்குள் கைவிட்ட அதே கை. மேலே கிடந்த துணியை எடுத்து ரெண்டு விரலால் அழுத்தினாள். ஒரு சொட்டு தரையில் விழுந்தது.

"துணி நனைஞ்சுபோச்சு பாரு," என்று என்னைக் கூப்பிட்டாள். "புடி அந்தப் பக்கம்."

நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். சொட்டு நிற்கிறவரை இருவரும் முறுக்கினோம்.